எந்த ஏட்டை முதலில் திறப்பது? டச்சு ஊர் வரலாற்றுக்கான பழைய வட்டார வரலாற்றேடுகள்: ஓர் ஒப்பீடு

நெதர்லாந்தில் ஒரு கிராமம், ஒரு கடலணை, ஒரு தேவாலயம் என ஏதோ ஒன்றின் பழைய கதையைத் தேடிப் போகிறவருக்கு ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. 13ஆம் நூற்றாண்டு மடாதிபதி எழுதியதிலிருந்து 17ஆம் நூற்றாண்டு ஊர் மருத்துவர் எழுதியது வரை, வட்டாரத்துக்கு நாலைந்து தேறும். பாதிக்கு மேல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. திண்டாட்டமெல்லாம் தேர்வில்தான். பாதி லத்தீன், மீதி பழைய டச்சு, அச்செழுத்தோ கண்ணைப் பிடுங்கும் கோதிக். எல்லாவற்றையும் வரிவிடாமல் படித்து முடிப்பது நடக்கிற காரியம் இல்லை.

பெரும்பாலோர் இரண்டு அளவுகோல்களில் ஒன்றைக் கையில் எடுக்கிறார்கள். பழைய ஏடுதான் உண்மைக்கு நெருக்கம் என்பது ஒன்று. பலரும் மேற்கோள் காட்டுவதால் நம்பலாம் என்பது மற்றது. இரண்டும் காலை வாரிவிடும். ஏட்டின் வயதை விட்டுவிட்டு, அந்தக் குறிப்பிட்ட பக்கத்தை எழுதும்போது எழுதியவரின் மேசையில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். அவரே கண்டதா, ஊர்ப் பெரியவர் சொன்னதா, சாசனமா, இன்னொரு ஏடா? ஒரே நூலுக்குள்ளேயே இது பக்கத்துக்குப் பக்கம் மாறும். எனவே தேர்ந்தெடுக்க வேண்டியது நூலை அல்ல, நூலின் பகுதியை.

ஹோர்ன் நகரத்து மருத்துவர் தியோடோரஸ் வேலியஸ் எழுதிய நகர வரலாற்றில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். முதல் பதிப்பு 1604இல் வந்தது. பெரிய ஹெர்ரிங் மீன்வலை முதன்முதலாக ஹோர்னில் 1416இல் பின்னப்பட்டது என்று அதில் ஒரு செய்தி. ஃப்ளூய்ட் என்ற நீளமான சரக்குக் கப்பலை 1595இல் அதே ஊரில் பீட்டர் யான்ஸ் லியோர்ன் கட்டுவித்தார் என்பது இன்னொரு செய்தி. இரண்டும் இன்றுவரை கடல் வரலாற்று நூல்களில் ஒரே தோரணையில் மேற்கோளாகின்றன. முதல் செய்திக்கும் வேலியஸுக்கும் இடையே ஏறக்குறைய 190 ஆண்டுகள். இரண்டாவது அவர் எழுதுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் ஊர்த் துறைமுகத்தில் நடந்தது, பார்த்தவர்கள் தெருவில் நடமாடிக்கொண்டிருந்த காலம். 1595ஐ எடுத்து எழுதலாம். 1416ஐ "வேலியஸ் சொல்கிறபடி" என்ற வாலோடு மட்டுமே எழுத வேண்டும்.

அரசவை ஏடுகள்: ஸ்டோக்கேயும் பேக்கேயும்

ஹாலந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் கை வைப்பது மெலிஸ் ஸ்டோக்கேயின் பெயரில் வழங்கும் செய்யுள் வரலாற்றில். அது 1305இல் முடிகிறது. முழுவதும் ஸ்டோக்கே எழுதியதன்று. 1205 வரையான பகுதி ஐந்தாம் ஃப்ளோரிஸ் கோமகனின் காலத்தில், 1280ஐ ஒட்டி, பெயர் தெரியாத ஒருவர் ஏக்மொண்ட் மடத்தின் லத்தீன் ஏட்டைப் பார்த்து டச்சுச் செய்யுளாக்கியது. அதற்குப் பிந்தியதுதான் ஸ்டோக்கேயின் கை. அவர் முதலில் டோர்ட்ரெக்ட் நகரத்திலும் பிறகு கோமகனின் அலுவலகத்திலும் எழுத்தராக இருந்தவர், சாசனங்களை எழுதிப் பழகிய கை. 1296இல் ஃப்ளோரிஸ் கொலையுண்டது, பிறகு ஃபிளாண்டர்ஸோடு மூண்ட போர், 1304 ஆகஸ்டில் ஸீரிக்ஸே அருகே நடந்த கடற்போர் ஆகியவற்றுக்கு இவரைவிட நெருக்கமான டச்சுச் சாட்சி கிடைப்பது அரிது. ஸேலாந்துத் தீவுகளில் முற்றுகை எப்படி நகர்ந்தது, எந்தப் பிரபு எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கெல்லாம் கடைசிப் பகுதியை வரிக்கு வரி படிக்கலாம்.

அதே நூலின் முதல் பகுதியை எடுத்து உங்கள் ஊர் தோன்றிய ஆண்டை எழுதினால் கதை வேறு. ஹாலந்துக் கோமக வம்சம் 863இல் தொடங்கியது என்று பழைய ஏடுகள் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தன. ஏக்மொண்ட் தேவாலயத்தை டிர்க் என்பவருக்கு ஒரு சார்லஸ் மன்னர் அளித்த சாசனம்தான் அதற்கு ஆதாரம். அந்த மன்னர் வழுக்கைத்தலை சார்லஸ் அல்லர், எளிய சார்லஸ். ஆண்டும் 863 இல்லை, 922. ஒரே பெயருடைய இரண்டு மன்னர்களை மாற்றிக்கொண்டதில் வம்சத்துக்கு ஏறத்தாழ அறுபது வயது கூடிவிட்டது. கூடிய இடைவெளியை நிரப்பத் தலைமுறைக் கணக்கும் நீட்டப்பட்டது. இன்றும் சில ஊர் விழா மலர்களில் 863 எட்டிப் பார்ப்பதுண்டு.

1346ஐ ஒட்டி யோஹானஸ் டி பேக்கே லத்தீனில் எழுதிய ஏடு உட்ரெக்ட் ஆயர்களையும் ஹாலந்துக் கோமகன்களையும் ஒரே சரட்டில் கோத்தது. இரண்டு தரப்புக்கும் பொதுவான பழமையைக் காட்டி அவர்களை இணக்கமாக்குவது அவர் நோக்கம். ஆகவே மோதல்கள் மெழுகிப் பூசப்பட்டிருக்கும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு மொழிபெயர்ப்பு வந்ததும் எல்லோரும் அதிலிருந்தே எடுத்தார்கள். இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒரு செய்தியை ஐந்து ஏடுகள் ஒரே மாதிரி சொல்வதைப் பார்த்து ஐந்து சாட்சிகள் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். பெரும்பாலும் ஐந்தும் பேக்கேயின் நகல்களாக இருக்கும். சொல்வரிசையை ஒப்பிட்டால் வெளிச்சமாகிவிடும்: செய்திகள் ஒரே வரிசையில் வந்து, அதே துணைப் பெயர்கள் ஒட்டியிருந்தால் அது ஒரே சாட்சி.

பதிப்பு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஸ்டோக்கேக்கு 2004இல் வந்த பர்ஹர்ஸின் பதிப்பு, பேக்கேயின் லத்தீனுக்கு 1973இல் வந்த புரூகின் பதிப்பு. இவ்விரண்டையும் விட்டுவிட்டுப் பழைய ஸ்கேன்களில் இறங்கினால், எந்த வரி யாருடையது என்று பிரித்தறியவே முடியாது.

மடத்து ஏடுகள்: கிடைத்தால் விடாதீர்கள்

குரோனிங்கன் நகரத்தைச் சுற்றியுள்ள கடலோர நிலத்தைப் பற்றி எழுதுகிறவர் கொடுத்து வைத்தவர். விட்டேவீருமில் இருந்த ப்ளூம்ஹோஃப் மடத்தின் மடாதிபதி ஏமோ தன் காலத்தை 1234 வரை எழுதினார். பின்வந்த மடாதிபதி மெங்கோ தொடர்ந்தார். அவருக்குப் பின் பெயரறியாத ஒரு கை 1296 வரை கொண்டுபோனது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, ஒரே இடத்திலிருந்து, நிகழ்வுகளோடு கூடவே எழுதப்பட்ட பதிவு. வட நெதர்லாந்தில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த முதல் வெளிநாட்டு மாணவர் என்று பெயர் அறியப்படுகிறவர் இந்த ஏமோதான். சட்டம் கற்றவர் என்பதால் வழக்கை வழக்காகவே எழுதுவார்: யார் என்ன கோரினார், எந்த ஆவணம் காட்டப்பட்டது, தீர்ப்பை யார் மதிக்கவில்லை.

1219 ஜனவரி 16, புனித மார்செலஸ் நாளன்று புகுந்த வெள்ளத்தை இவர் வாழ்ந்து கடந்தவர். காற்றின் போக்கு, நீர் ஏறிய வேகம், கூரையில் தொற்றியவர்கள் என்று எழுதிக்கொண்டே போய், வெள்ளத்துக்கு இயற்கைக் காரணம் என்ன, இறைவன் ஏன் விட்டான் என்று இரண்டு தளத்திலும் வாதிக்கிறார். கடலணை வரலாறு எழுதுகிறவர் இறையியல் பத்திகளைத் தாண்டிவிடத் துடிப்பார். தாண்டக் கூடாது. அணையைப் பராமரிக்காதவர்கள், பேராசைக்காரர்கள், பகை வளர்த்தவர்கள் என்று யாரைக் குறை சொல்கிறார் என்பதில்தான் அன்றைய அணை நிர்வாகத்தின் தகராறுகள் ஒளிந்திருக்கின்றன. மெங்கோவிடம் கட்டடமும் விளைச்சலும் கூடுதலாகக் கிடைக்கும். 1238இல் தொடங்கிய புதிய மடத் தேவாலயத்துக்குக் கொலோனிலிருந்து எவெரார்ட் என்ற தலைமைக் கொத்தனார் வந்த செய்தி அவர் எழுதியது. 13ஆம் நூற்றாண்டில் ஒரு கட்டடக்காரரின் பெயரும் ஊரும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

குறைகளும் உண்டு. ஏமோ தன் மடத்தின் வழக்கறிஞர். பக்கத்து ஸ்கில்ட்வோல்டே மடத்தின் ஹெர்டெரிக் அவர் ஏட்டில் வில்லனாகவே வருகிறார், ஹெர்டெரிக் தரப்பு ஏடு நம்மிடம் இல்லை. மடத்திலிருந்து ஒரு நாள் நடைதூரத்துக்கு அப்பால் போனதும் விவரம் மெலிகிறது. இன்னொரு விஷயத்தைப் புதிதாக வருகிறவர்கள் தவறவிடுகிறார்கள்: குரோனிங்கன் நகரம் உட்ரெக்ட் ஆயருக்கு உட்பட்டது, சுற்றுப்புற நிலமோ ஜெர்மனியிலுள்ள மூன்ஸ்டர் ஆயருக்கு. ஏமோ சொல்லும் தேவாலயத் தகராறுக்கு எதிர்த்தரப்புக் காகிதம் தேட வேண்டிய திசை மூன்ஸ்டர். லத்தீனோடு டச்சு மொழிபெயர்ப்பும் சேர்ந்த பதிப்பு 1991இல் வந்தது, லத்தீன் தெரியாதவருக்கும் அது போதும்.

இதே காலத்து இன்னொரு சிற்றேடு ட்ரெந்தே, கூவோர்டன் பகுதிக்கு உரியது. 1227 ஜூலை 28 அன்று ஆனே அருகே சதுப்பு நிலத்தில் உட்ரெக்ட் ஆயர் இரண்டாம் ஓட்டோவின் படை சிக்கி, ஆயரே கொல்லப்பட்ட போரையும் அதன் பின்விளைவுகளையும் சொல்வது அது. பெயர் சொல்லாத ஒரு திருச்சபை ஆள், நிகழ்ந்து சில ஆண்டுகளுக்குள் எழுதியிருக்கிறார். ஏமோவைப் போலவே சமகாலத்தவர்தான். ஆனாலும் பயன்பாடு வேறு. இவர் முழுக்க ஆயர் பக்கம் நின்று ட்ரெந்தே மக்களைக் கிளர்ச்சிக்காரர்களாகப் பார்க்கிறார். எந்தக் குடும்பத்துக்கு எந்தக் கோட்டை, படை எந்த வழியில் வந்தது, சதுப்பு எங்கே தொடங்கியது என்பதற்கு இவரை நம்பலாம். எதிரிகள் ஏன் எதிர்த்தார்கள் என்பதற்கு வேண்டாம்.

அச்சேறிய பெருந்தொகுப்புகள்

இவற்றைச் சுருக்கமாகவே கடந்துவிடலாம். ஹௌடா நகரில் 1478இல் அச்சான சிறு வரலாறும், லைடனில் யான் செவர்ஸ் 1517இல் அச்சிட்டு கொர்னேலியஸ் ஔரேலியஸ் எழுதியதாகக் கருதப்படும் பெருந்தொகுப்பும்தான் 16ஆம் நூற்றாண்டு ஹாலந்துக்காரர் வீட்டில் இருந்த வரலாறு. பின்னது 'பிரிவு ஏடு' என்ற பொருளில் டிவீசிக் குரோனீக் எனப்படுகிறது. தங்கள் மூதாதையர் ரோமானியர் காலத்துப் பழங்குடியான படாவியர் என்று ஹாலந்துக்காரர்களை நம்பவைத்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. அந்தக் கால மக்கள் தங்கள் கடந்த காலத்தை எப்படி எண்ணினார்கள் என்று அறிய இதைவிட நல்ல நூல் இல்லை. உங்கள் ஊரில் 1300இல் என்ன நடந்தது என்று அறிய இதைவிட மோசமான தொடக்கமும் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் கடைசியையும் 16ஆம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளையும் சொல்லும் இறுதிப் பக்கங்களுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாம்.

எண்கள் இந்த வகை நூல்களில்தான் வீங்குகின்றன. 1421 நவம்பர் 18-19 இரவில் நேர்ந்த புனித எலிசபெத் வெள்ளத்தில் 72 கிராமங்கள் மூழ்கின என்ற கணக்கு இப்படிப் பரவியதுதான். அணை உடைந்தது உண்மை, ஹாலந்தின் பெருவயல் பகுதி அழிந்ததும் உண்மை. ஆனால் ஒரே இரவில் 72 கிராமம் காணாமல் போகவில்லை. நீர் சூழ்ந்த பகுதியை மீட்கும் முயற்சி சில ஆண்டுகள் நடந்து, 1424 வெள்ளத்தோடு கைவிடப்பட்டது. சில ஊர்கள் மெல்ல மெல்லக் காலியாயின. பிற்கால ஆய்வுகள் 72ஐ வெகுவாகக் குறைத்துவிட்டன. ஒரு ஏட்டில் மூழ்கிய ஊர்ப் பட்டியலைக் கண்டால், அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் 1421க்குப் பிந்தைய வரிக் கணக்கில் வருகிறதா என்று பார்க்காமல் எழுதக் கூடாது.

ஃபிரீஸ்லாந்து: மூன்று பாதைகள், இரண்டு மோசமானவை அல்ல

கட்டுக்கதைக்கும் கடும் விமர்சனத்துக்கும் ஒரே மண்ணில் விளைச்சல் என்றால் அது ஃபிரீஸ்லாந்து. ஸ்னேக் அருகிலிருந்த தாபோர் மடத்தில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பொறுப்பிலிருந்த வோர்ப் லத்தீனில் எழுதினார். அதே மடத்துச் சகோதரர் பெத்ருஸ் டச்சில் எழுதினார். 1515க்குப் பின் ஃபிரீஸ்லாந்தைச் சூறையாடிய கருப்புப் படை என்ற கூலிப்படை, க்ருட்டே பியர் என்ற பெருவிவசாயி கடற்கொள்ளைத் தலைவனான கதை ஆகியவற்றை இருவரும் தம் வாழ்நாளிலேயே பார்த்தவர்கள். கிராம அளவில் எரிப்பு, கொள்ளை, தண்டம் என்று நாள்கணக்கில் வேண்டுமானால் பெத்ருஸை எடுங்கள். பழைய ஏடுகளைத் திரட்டிய நீண்ட ஓட்டம் வேண்டுமானால் வோர்ப். வோர்ப்பின் முதல் புத்தகங்கள் நமக்குத் தேவையில்லை, அவர் வாழ்ந்த காலத்துக்கு வரும்போதுதான் தங்கம்.

இரண்டாவது பாதை 1597இல் லேவார்டனில் அச்சான ஒரு நூலில் தொடங்குகிறது. 10ஆம் நூற்றாண்டு ஒக்கா ஸ்கார்லென்சிஸ் என்பவர் எழுதியதை, பிற்காலத்தில் ஆந்திரேயஸ் கொர்னேலியஸ் விரித்தார் என்று அது சொல்லிக்கொண்டது. பூதம், டிராகன், மன்னர் பட்டியல் எல்லாம் உண்டு. இதே காலத்தில் மாகாண வரலாற்றாசிரியராக இருந்த சுஃப்ரிடஸ் பெத்ருஸும் ஃபிரீசியரின் மூதாதை ஃப்ரீசோவின் கதையை வளர்த்தார். அந்தக் கதைப்படி ஃப்ரீசோ புறப்பட்ட நாடு இந்தியா. அலெக்சாண்டரின் படையில் இருந்து, பிறகு கப்பலேறி, பொது ஆண்டுக்கு முன் 313இல் ஃபிரீஸ்லாந்தில் இறங்கினானாம். நம் ஊர்ப் பக்கம் யாராவது இதை எடுத்துக்கொண்டு வட கடலில் தமிழர் என்று கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுவது நல்லது: இது 16ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் தங்கள் மாகாணத்துக்குப் பழமைப் பெருமை தேடிய வேலை, வேறெதுவும் இல்லை.

மூன்றாவது பாதை உப்போ எம்மியஸ். 1547இல் கிரேட்சீலில் பிறந்தவர், 1614இல் தொடங்கிய குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். அவருடைய ஃபிரீசிய வரலாறு 1596இலிருந்து பகுதி பகுதியாக வந்து 1616இல் லைடனில் முழுமையானது. ஃப்ரீசோ கதையையும் ஸ்கார்லென்சிஸையும் வெட்ட வெளிச்சத்தில் மறுத்தவர். சாசனம் இருந்தால் எழுதுவார், இல்லாவிட்டால் சந்தேகப்படுவார். அப்படியானால் எம்மியஸை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா? போதாது. அவர் ஃபிரீசிய சுதந்திரம் என்ற கொள்கையின் தீவிர ஆதரவாளர், கிழக்கு ஃபிரீஸ்லாந்துக் கோமகனோடு எம்டன் நகரம் பிணங்கியபோது நகரத்தின் பக்கம் நின்றவர். ஆளும் பிரபு ஒருவரின் உரிமை பேசப்படும் இடங்களில் அவர் பேனா ஒரு பக்கம் சாயும். நேர்த்தியான லத்தீனுக்காக ஊர்ப் பெயர்களையும் பதவிப் பெயர்களையும் ரோமானிய வேடம் போட்டு எழுதுவதால், எந்த ஊர் என்றே சில இடங்களில் குழம்பும். கிராம விவரத்தில் தாபோர் பெத்ருஸ் முன்னே நிற்கிறார், ஆதாரத்தை எடைபோடுவதில் எம்மியஸ். பெத்ருஸிலிருந்து செய்தி, எம்மியஸிலிருந்து எச்சரிக்கை என்று இரண்டையும் அருகருகே வைத்து வேலை செய்வதுதான் சரி.

ட்ரெந்தேயில் கட்டுக்கதைப் பாதையின் பிரதிநிதி கூவோர்டன் போதகர் யோஹான் பிக்கார்ட். 1660இல் வெளியிட்ட நூலில் ஹ்யூனபெட் எனப்படும் பெருங்கல் ஈமச் சின்னங்களை அரக்கர்கள் கட்டினார்கள் என்று படம் போட்டே காட்டினார். அதற்காக அவரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சதுப்பு நிலத்தைத் திருத்திக் குடியேற்றும் வேலையை அவர் கையாலேயே செய்தவர், பெந்தைம் பகுதியில் ஒரு சதுப்புக் குடியேற்றம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சதுப்பின் வழிகள், எங்கே எப்போது நடக்கலாம், மக்கள் புதைமேடுகளைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் ஆகியவற்றுக்கு அவர் நேரடிச் சாட்சி. கற்களின் வயதை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.

ஸேலாந்து: மூலமே எரிந்துபோன இடம்

ஸேலாந்தில் தேர்வின் விதி தலைகீழாகிறது. யான் ரெய்ஹர்ஸ்பெர்க் 1551இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சிட்ட ஏடுதான் அந்த மாகாணத்துக்கென எழுதப்பட்டு அச்சேறிய முதல் வரலாறு. அவர் வடக்கு பேவலாந்துத் தீவின் கோர்ட்ஹேனெ ஊர்க்காரர். 1530 நவம்பர் 5 வெள்ளமும் 1532இன் வெள்ளமும் அந்தத் தீவை மொத்தமாக மூழ்கடித்தன. 1598 வரை அது மீட்கப்படவில்லை. சொந்த மண் நீரில் போனவர் எழுதிய வெள்ளப் பக்கங்கள் என்பதால் 16ஆம் நூற்றாண்டு வெள்ளங்களுக்கு அவரே முதல் தேர்வு. பழங்காலப் பகுதிக்கு வழக்கமான எச்சரிக்கை பொருந்தும். 1644இல் பாக்ஸ்ஹோர்ன் இதை விரித்து வெளியிட்டார். விரித்த பதிப்பையே ரெய்ஹர்ஸ்பெர்க் என்று மேற்கோள் காட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. 1551க்கும் 1644க்கும் இடையில் சேர்ந்ததைச் சமகாலச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இதில் இருக்கிறது.

மத்தேயுஸ் ஸ்மாலெஹாங்கெ 1696இல் மிடல்பர்க்கில் வெளியிட்ட பெரிய நூல் அச்சு அழகிலும் செப்புத் தகட்டுப் படங்களிலும் பேர் போனது. முந்தையவர்களைத் தொகுத்தது என்பதால் இன்னொரு மாகாணமாக இருந்திருந்தால் இரண்டாம் வரிசைக்குத் தள்ளியிருப்போம். 1940 மே 17 அன்று மிடல்பர்க் நகர மையம் எரிந்தபோது நகர ஆவணங்களில் பெரும்பகுதி சாம்பலானது. காகிதம் அழிந்த பின் அதைப் பார்த்து எழுதிய நூலின் மதிப்பு கூடிவிடுகிறது. ஸ்மாலெஹாங்கெயின் படங்களில் வரும் சிற்றூர் மாளிகைகள் பல இன்று இல்லை. ஆகவே மிடல்பர்க் நகரம், அதன் பிரபு வீடுகள் என்றால் 1696ஐ முதலில் திறவுங்கள். தீவுகளின் வெள்ளம் என்றால் 1551ஐ.

நகர விவரிப்புகள்

17ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு ஹாலந்து நகரமும் தனக்கொரு நூல் வேண்டும் என்று பிரியப்பட்டது. லைடனுக்கு யான் ஓர்லர்ஸ் 1614, ஹார்லெமுக்கு ஆம்ப்சிங் 1628, டெல்ஃப்டுக்கு ப்ளேய்ஸ்வேய்க் 1667, டோர்ட்ரெக்ட்டுக்கு பாலன் 1677. அத்தனையும் நகரசபையின் ஆசியோடும் பெருமையோடும் எழுதப்பட்டவை. அந்தப் பெருமையே நமக்கு உதவியும் செய்தது, பெட்டகங்கள் திறந்து காட்டப்பட்டன. ஓர்லர்ஸ் நகரச் செயலாளர் யான் வான் ஹௌட்டின் உறவினர், பின்னாளில் தானே நகரத் தலைவர். லைடன் சலுகைச் சாசனங்கள், மருத்துவ மனைகள், நெசவுத் தொழில் ஒழுங்குகள் ஆகியவற்றுக்கு அவரை நம்பலாம். அவரைப் பயன்படுத்தும்போது பதிப்பு ஆண்டைப் பாருங்கள்: ஓவியர் வாழ்க்கைக் குறிப்புகள் 1641 பதிப்பில் வருபவை. ரெம்பிரான்ட் பிறந்த நாளாக 1606 ஜூலை 15ஐத் தருவது அந்தப் பதிப்புதான். வேலியஸுக்கும் 1604, 1617, 1648 என்று பதிப்புகள் உண்டு. 1740 பதிப்பில் செந்தன் என்பவரின் அடிக்குறிப்புகள் ஏறியிருக்கின்றன. குறிப்பை மூலமாக எடுத்துக்கொண்டால் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் சறுக்கிவிடும்.

நகரத்துக்கு வெளியே நான்கு மைல் தாண்டிய கிராமத்துக்கு இந்த நூல்கள் ஒன்றும் தருவதில்லை. கெல்டர்லாந்துக்காரருக்கு இது பொருந்தாது. அங்கே போந்தானுஸ் 1639இல் லத்தீனில் எழுதியதை ஸ்லிக்டன்ஹோர்ஸ்ட் 1654இல் டச்சில் மாற்றியமைத்து, மாகாண நில விவரிப்பையும் சேர்த்தார். வாசிக்க எளிது ஸ்லிக்டன்ஹோர்ஸ்ட், சாசன வாசகத்துக்குப் போந்தானுஸ்.

நாளில் வழுக்கும் கால்

எந்த ஏட்டைத் தேர்ந்தாலும் மாட்டிவிடுவது தேதி. ஹாலந்துக் கோமகனின் அலுவலகத்தில் புத்தாண்டு ஈஸ்டரில் பிறந்தது. உட்ரெக்ட் ஆயரின் பகுதியில் கிறிஸ்துமஸில். ஹாலந்துச் சாசனத்தில் 1421 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1422. ஒரே நாள், ஹாலந்தில் ஒரு ஆண்டு எண், உட்ரெக்ட்டில் இன்னொன்று. டிசம்பர் 25க்கும் ஈஸ்டருக்கும் இடைப்பட்ட எந்த நிகழ்வையும் இரண்டு எண்ணோடும் தேடுங்கள். ஜனவரி முதல் நாளில் ஆண்டைத் தொடங்கும் பழக்கம் 1570களின் நடுவில்தான் அதிகாரபூர்வமாகிறது.

அது தீர்ந்ததும் கிரிகோரியன் நாட்காட்டி வருகிறது. ஸேலாந்து 1582 டிசம்பரிலும் ஹாலந்து 1583 ஜனவரியிலும் மாறிவிட்டன. குரோனிங்கன் 1583இல் மாறி, 1594இல் பழையதற்கே திரும்பியது. கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஓவரேய்ஸல் 1700இல், ஃபிரீஸ்லாந்து, குரோனிங்கன், ட்ரெந்தே 1701இல் மாறின. அதற்கு முன் எல்லைக்கு இருபுறமும் பத்து நாள் வித்தியாசம். படையெடுப்பு, முற்றுகை என்று நாள்கணக்கில் எழுதுகிறவர் எம்மியஸின் தேதியையும் ஹாலந்துக் கடிதத்தின் தேதியையும் அப்படியே சேர்த்து வைத்தால், பதில் கடிதம் கேள்விக்கு முன் வந்து நிற்கும்.

புனிதர் பெயரால் வெள்ளத்தைக் குறிப்பது மூன்றாவது கண்ணி. மார்செலஸ் வெள்ளம் என்றால் 1219ஆ 1362ஆ? இரண்டும் ஜனவரி 16. எலிசபெத் வெள்ளம் 1404, 1421, 1424 மூன்றுக்கும் வழங்கும். அனைத்துப் புனிதர் வெள்ளம் 1170க்கும் உண்டு, 1570க்கும் உண்டு. தொகுப்பாளர்கள் ஒன்றின் சேத விவரத்தை இன்னொன்றில் ஒட்டிவிடுவது சகஜம். ஏடு ஆண்டையும் நாளையும் சேர்த்துச் சொல்கிறதா, அந்த ஏடு எழுதியவர் அந்த ஆண்டில் உயிரோடு இருந்தாரா என்ற இரண்டு கேள்விகளில் பாதி சிக்கல் கழன்றுவிடும்.

எதோடு ஒத்துப் பார்ப்பது

ஏட்டின் எண்ணிக்கையைச் சோதிக்க ஏடல்லாத காகிதம் வேண்டும். ஹாலந்துக் கிராமம் என்றால் 1494, 1514 ஆண்டுகளின் வரி விசாரணைகள் இருக்கின்றன. எத்தனை அடுப்பு, நற்கருணை பெறுவோர் எத்தனை பேர், என்ன தொழில், எவ்வளவு கடன் என்று ஊரார் சொன்னது அப்படியே பதிவு. வரிக்குப் பயந்து ஏழ்மையைக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்பதைக் கழித்துக்கொண்டாலும், ஏட்டாசிரியரின் ஆயிரங்களைவிட இது மேல். ஃபிரீஸ்லாந்துக்கு 1511இன் நில அளவுப் பதிவும் 1543இன் திருச்சபைச் சொத்துப் பதிவும் உள்ளன. நிலப் பரப்பு வரும்போது, மோர்ஹன் என்ற பழைய நில அளவு ஊருக்கு ஊர் மாறும்: ரைன்லாந்து மோர்ஹன் ஏறக்குறைய 0.85 ஹெக்டேர், ஆம்ஸ்டர்டாம் மோர்ஹன் 0.81 என்பதை மறக்கக் கூடாது. ஹாலந்து, ஸேலாந்து சாசனத் தொகுதி 1299 வரை அச்சில் உண்டு. குரோனிங்கன், ட்ரெந்தே சாசனங்களை கார்த்தகோ என்ற இணையத் தொகுப்பில் பார்க்கலாம்.

தேடும் வேலையில் நேரத்தைத் தின்பது, ஸ்கேன் பக்கத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி. பழைய டச்சு நூல்களின் ஸ்கேன்கள் உள்ள டெல்ஃபர் தளத்தில் கோதிக் எழுத்து நூலுக்குள் சொல்லைத் தட்டித் தேடினால், பழைய அச்சின் நீண்ட வடிவ எஸ் எழுத்து எஃப்பாக மாறி ஊர்ப் பெயர் கிடைக்காது. ஊர்ப் பெயரின் பழைய வடிவங்களை நாலைந்தாக எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ரெய்மர்ஸ்வால் போன்ற ஊருக்கு முதல் உயிரெழுத்தே மாறிவரும். அப்படியும் சிக்காவிட்டால் ஆண்டுவரிசையைப் பிடித்துப் பக்கம் புரட்டுவதுதான் வேகமான வழி. வரலாற்றேடுகள் ஆண்டு ஆண்டாக ஓடுவதால் இது ஒன்றும் பெரிய பாடில்லை. கிடைத்த ஒவ்வொரு செய்தியோடும் எழுதியவரின் வாழ்நாள், பதிப்பு ஆண்டு, செய்தி ஆண்டு மூன்றையும் ஒரே வரியில் குறித்து வையுங்கள். செய்தி ஆண்டு எழுதியவரின் பிறப்புக்கு முந்தி விழுந்தால் அடுத்த கட்டத்தில் "யாரிடமிருந்து எடுத்தார்" என்று எழுத இடம் விடுங்கள். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தால் அந்தச் செய்தி உங்கள் நூலின் அடிக்குறிப்புக்குப் போகட்டும்.

கடைசியாக, போலிகள். 12ஆம் நூற்றாண்டு ஏக்மொண்ட் துறவி க்ளாஸ் கோலெய்ன் எழுதியதாக ஒரு செய்யுள் ஏடு 1719இல் டும்பாரின் தொகுப்பில் அச்சேறி, 1745இல் ஹெராட் வான் லோனின் பதிப்பாகவும் வந்து, கற்றவர்களையே மயக்கியது. அதன் டச்சு மொழி 12ஆம் நூற்றாண்டுக்கு ஒவ்வாதது என்பதை ஸ்டோக்கேயைப் பதிப்பித்த ஹூய்டெகோபர் எடுத்துக்காட்டினார். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட ஊர் வரலாறுகளைக் கையில் எடுக்கும்போது அடிக்குறிப்பில் கோலெய்ன் பெயர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் அந்தப் பத்தி முழுவதையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஊர் வரலாற்றாசிரியருக்கு முந்தியவர் என்ன எழுதினார் என்று போய்ப் பார்க்க வேண்டியதுதான்.